கனடா ஆளுங்க புதுசா வந்தவங்கள உண்மையில எப்படி பாக்குறாங்க? முன்னாடியும் இப்படித்தானா?

கோவைப்பையன்_பிராம்ப்டன்

எல்லாருக்கும் வணக்கம். நான் 2022ல ஸ்டூடண்ட் விசால வந்தேன், படிப்ப முடிச்சிட்டு இப்ப வொர்க் பெர்மிட்ல ஒரு வேர்ஹவுஸ்ல சூப்பர்வைசரா இருக்கேன். வந்த புதுசுல பஸ்ல, கடைல, எங்க போனாலும் ஊரு எது, குளிரு தாங்குதானு நல்லாத்தான் பேசுவாங்க. இப்ப கொஞ்ச நாளா பேச்சே மாறிடுச்சு. லன்ச் ரூம்ல ஒருத்தர் இருக்காரு, போர்ச்சுகீஸ் குடும்பம், அவங்க அப்பா அந்தக் காலத்துலயே வந்தவரு. நல்ல மனுசன், பனி கொட்டுற நாள்ல என்னைய கார்ல கொண்டு வந்து விட்டிருக்காரு. அவரே போன வாரம் எல்லார் முன்னாடியும் "நீங்க எல்லாம் இப்படி மொத்தமா வந்து இறங்குனதுல எம் பையனுக்கு வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கல"ன்னுட்டாரு. கோவமா கூட சொல்லல, சாதாரணமா சொன்னாரு, அதுதான் இன்னும் வலிச்சது.

அதவிட கஷ்டம் என்னன்னா ஸ்கார்பரோல ஒரு தமிழ் கடைல பில் போட நிக்கிறேன், பின்னாடி ரெண்டு பெரியவங்க, நம்ம தமிழ்லயே, "இந்த ஸ்டூடண்ட் பெடியள் வந்துதான் நாடே பழுதாப் போச்சு"ன்னு பேசிட்டு நிக்கிறாங்க. அவங்களும் ஒரு காலத்துல வந்தவங்கதானே?

இன்னொண்ணு, இங்க பல பேருக்கு ஸ்டூடண்ட் யாரு, அகதி யாரு, வேலைக்கு வந்தவன் யாருன்னு வித்தியாசமே தெரியல, எல்லாரையும் ஒரே மூட்டையா கட்டிடுறாங்க. நான் அகதி இல்லைங்க, லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டி முறையா வந்தவன். இந்த ஊரு மனுசங்க மனசுல நெஜமா என்ன ஓடுது, இது புதுசா வந்த வெறுப்பா இல்ல எப்பவும் உள்ள இருந்ததானு இங்க ரொம்ப வருசமா இருக்கிறவங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை

தம்பி நீங்க உணர்றது கற்பனை இல்ல. என்விரானிக்ஸ்னு ஒரு நிறுவனம் பல வருசமா இதே கேள்விய திரும்பத் திரும்ப கேட்டுட்டு வருது, "நாட்டுக்குள்ள வர்றவங்க எண்ணிக்கை ரொம்ப அதிகமா"ன்னு. 2022ல ஆமான்னு சொன்னவங்க 27 சதவீதம். அடுத்த வருசம் 44. 2024ல 58. ரெண்டே வருசத்துல இரட்டிப்புக்கு மேல போயிடுச்சு, 1998க்கு அப்புறம் பெரும்பான்மை அப்படி சொன்னது அதுதான் முதல் தடவை. அதாவது 90கள்லயும் இந்த மனநிலை இங்க பலமா இருந்திருக்கு, அப்புறம் இறங்கி, இருபது வருசத்துக்கு மேல அடங்கிக் கிடந்து, இப்ப மறுபடி ஏறியிருக்கு.

ஆனா அதே சர்வேய இன்னும் கொஞ்சம் உள்ள போய் பாருங்க. ஏன் அதிகம்னு சொல்றீங்கன்னு கேட்டா முதல்ல வர்ற பதில் வீடு, அப்புறம் பொருளாதாரம், அப்புறம் அரசாங்கம் இத ஒழுங்கா நடத்தலங்கிறது. உங்க தெருவே, உங்க ஊரே வந்தவங்களால மோசமாயிடுச்சானு கேட்டா ஆமான்னு சொல்றவங்க சிறுபான்மைதான், நிறைய பேரு ஒரு வித்தியாசமும் இல்ல இல்லாட்டி நல்லாத்தான் ஆச்சுன்னு சொல்றாங்க. உங்க லன்ச் ரூம் ஆளும் அப்படித்தானே, உங்கள கார்ல ஏத்திக்குவாரு, ஆனா "நீங்க எல்லாம்"ங்கிற கூட்டம் மேல கோவம்.

அந்தக் கோவத்துக்கு அடியில நெஜமான ஒரு விசயம் இருக்கு, அத நம்ம மறைக்கக் கூடாது. 2023ல மட்டும் கனடா மக்கள்தொகை 12 லட்சத்துக்கு மேல கூடுச்சு, 3.2 சதவீதம், 1957க்கு அப்புறம் இவ்ளோ வேகமா கூடுனதே இல்ல. அதுல எட்டு லட்சம் பேர் பெர்மனன்ட் இல்ல, தற்காலிகமா வந்தவங்க, ஸ்டூடண்ட், வொர்க் பெர்மிட், அடைக்கலம் கேட்டவங்க எல்லாம் சேர்த்து. அந்த அளவுக்கு வீடு கட்டுனாங்களா? இல்ல.

சரி ஸ்டூடண்ட் எண்ணிக்கை ஏன் அப்படி ஏறுச்சு? ஒண்டாரியோ மாநில அரசு 2019ல உள்ளூர் பசங்க ஃபீஸ 10 சதவீதம் குறைச்சு அப்படியே உறைய வெச்சிடுச்சு, பதிலுக்கு காலேஜுக்கு அரசுப் பணம் கூட்டிக் குடுக்கல. காலேஜ் என்ன பண்ணும், பல மடங்கு ஃபீஸ் கட்டுற வெளிநாட்டுப் பசங்கள ஏஜெண்ட் வெச்சு இழுத்துச்சு. 2023 கடைசில நாட்டுல இருந்த வெளிநாட்டு மாணவர்கள் 10 லட்சத்தத் தாண்டிட்டாங்க. ஃபீஸ் காசுல லாபம் பாத்தவங்க யாரும் பஸ்ல உங்க பக்கத்துல உக்கார மாட்டாங்க. உக்காந்து போறது நீங்க, அதனால பார்வை உங்க மேல விழுது. 2024 ஜனவரில மாணவர் விசாக்கு உச்சவரம்பு போட்டாங்க, அக்டோபர்ல பிஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) இலக்கையும் 2025க்கு 5 லட்சத்துல இருந்து 3,95,000க்கு இறக்குனாங்க. அரசாங்கமே அப்படி இறக்குனதும், அதுவரைக்கும் மனசுக்குள்ள வெச்சிருந்தவங்க வெளிய பேச ஆரம்பிச்சிட்டாங்கங்கிறது என் அபிப்பிராயம்.

பழைய_பார்லிமென்ட்_ஸ்ட்ரீட்

தம்பி, நான் 80களின்ர கடைசியில மொன்றியலில வந்து இறங்கி பிறகு ரொறன்ரோவுக்கு வந்தனான். நீர் கேட்ட கேள்விக்கு எங்கட சனத்தின்ர கதையே பதில்தான், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்து வாசியும்.

1986 ஓகஸ்ட். நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அங்கால ரெண்டு லைஃப்போட்டில 155 தமிழ்ச் சனம் பனிமூட்டத்துக்குள்ள அலைஞ்சு கொண்டு இருந்தவை. அவையளைக் கண்டு ஏத்தினது மீன்பிடிக்கப் போன ஆக்கள், கஸ் டால்டன் எண்டு ஒரு கப்டன். சென்ற் ஜோன்ஸில மெமோரியல் யூனிவர்சிற்றி விடுதியில கொண்டு போய் தங்க வைச்சு, ஊர்ச்சனம் உடுப்பு, சாப்பாடு எண்டு கொண்டு வந்து குடுத்ததாம். பிறகு ஒரு சில நாளில விசயம் வெளியில வந்திட்டுது, இவை முதல் சொன்னமாதிரி இந்தியாவில இருந்து வரேல்ல, மேற்கு ஜேர்மனியில இருந்து கப்பல் ஏறினவை எண்டு. திருப்பி அங்க அனுப்பிப் போடுவினமோ எண்ட பயத்தில சொன்ன கதை. அதோட தலைகீழாப் போச்சு. பேப்பருக்கு கடிதம், றேடியோவில ரெலிபோன் அடிச்சு பேச்சு, பொய் சொல்லி வந்தவைக்கு என்னத்துக்கு இடம் எண்டு. அந்த நேரம் பிரதமரா இருந்த மல்ரோனி, லைஃப்போட்டில எங்கட கரைக்கு வந்தவையைத் திருப்பி அனுப்பமாட்டம் எண்டு நிண்டவர். அவர் சொன்னதுக்கும் ஏச்சு விழுந்தது.

அடுத்த வருசம் நோவா ஸ்கோசியாவில சார்ள்ஸ்வில் எண்ட சின்னக் கிராமத்தில 174 பேர், கூடுதலா சீக்கியர்கள், விடியப்புறம் தண்ணிக்குள்ளால நடந்து கரையேறிச்சினம். அந்தக் கிராமத்து ஆக்கள் ரீ வைச்சு சாண்ட்விச் குடுத்தவை. ஒட்டாவாவில இருந்த மத்திய அரசாங்கம் என்ன செய்தது? கோடை லீவில இருந்த பாராளுமன்றத்தை அவசரமா திருப்பிக் கூட்டி அகதிச் சட்டத்தை இறுக்கப் பாத்தது. கரையில நிண்டு கண்ணால கண்டவன் ரீ குடுக்கிறான், ரிவியில கண்டவன் பயப்பிடுறான். எனக்கு இந்த நாட்டில இவ்வளவு காலமும் விளங்கினது இதுதான், ஆக்களை எந்த இடத்தில வைச்சுப் பாக்கினம் எண்டதில பாதி தீர்மானமாகுது.

நாங்கள் பார்லிமென்ட், வெலஸ்லி பக்கம் சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக் கட்டடங்களில இருந்தம். அப்பாட்மென்ற் காலியா எண்டு போனில கேட்டால் ஓம் எண்டு சொல்லுற சூப்பரிண்டன், நேரில முகத்தைக் கண்டால் இப்பத்தான் ஆக்கள் எடுத்திட்டினம் எண்டுவான். கொரிடோரில செருப்புக் கிடந்தால் கடிதம், கறி மணத்தால் கடிதம். ஒரு றூமில நாலைஞ்சு பெடியள் மாறி மாறி நித்திரை கொண்டம், ஒருத்தன் கோப்பை கழுவப் போக மற்றவன் வந்து படுப்பான். இப்ப ஸ்ரூடன்ற் பெடியளைப் பாத்து என்ன சொல்லுகினமோ அவ்வளவும் அண்டைக்கு எங்களுக்குச் சொன்னவை.

பிறகு 2009. மே 10, எங்கட சனம் ஊரில சாகுது எண்டு பிள்ளையளையும் கொண்டு கார்டினர் ஹைவேயில ஏறி மறிச்சம். அதுக்குப் பிறகு வேலைக்குப் போன இடத்தில என்னோட மாதக்கணக்கா முகம் குடுத்துக் கதைக்காத ஆக்கள் இருந்தவை. அடுத்த வருசம் சன் சீ கப்பல் வந்தது, எங்கட சனம் 492 பேர், அதில 49 சின்னப் பிள்ளையள். கப்பல் கரைக்கு வர முதலே அமைச்சர் விக் ரேவ்ஸ் கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் இருக்கினம் எண்ட மாதிரிக் கதைச்சிட்டார். அந்த நேரம் எடுத்த கருத்துக்கணிப்பு ஒண்டில கிட்டத்தட்ட அரைவாசிப் பேர், இவை உண்மையான அகதி எண்டு நிரூபிச்சாலும் திருப்பி அனுப்ப வேணும் எண்டவை. நிரூபிச்சாலும்! எங்கட தமிழ் றேடியோவிலயும் ஆக்கள் எடுத்துக் கதைச்சவை, இவையளால எங்கட பேரும் கெடப்போகுது எண்டு. நீர் கடையில கேட்ட கதை அண்டைக்கே துவங்கினது தம்பி. வந்து இருபது வருசம் பாடுபட்டு ஒரு மரியாதை தேடினவைக்கு, பின்னால வாறவனால அது போயிடுமோ எண்ட பயம் வரும். அதுக்காக அந்தக் கதை நியாயம் எண்டு நான் சொல்ல வரேல்ல.

பாரும், அதுக்குப் பிறகு ஆறு வருசத்தில, 2016ல, தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் எண்டு அதே பாராளுமன்றம் ஏற்றது. சன் சீயில வந்தவையும் அதுக்கு முதல் வந்தவையும் ஒரே சனம்தான். அந்த இடைவெளியில எங்களை அவைக்கு நேர்சா, பஸ் ட்ரைவரா, பள்ளிக்கூடத்தில பிள்ளையின்ர சிநேகிதனா பழக்கமாச்சு. ரிவிக்காரரும் வேற கூட்டத்தைத் தேடிப் போட்டினம்.

கடைசியா ஒண்டு, கோவிக்காதையும். "நான் அகதி இல்லை, காசு கட்டி முறையா வந்தவன்" எண்டு எழுதியிருக்கிறீர். ஓடி வந்தவனும் முறையாத்தான் வாறான், அடைக்கலம் கேக்கிறது சட்டத்தில உள்ள உரிமை. அந்தக் கோட்டை நீர் கீறினா, பிஆர் உள்ளவன் உமக்கு முன்னால இன்னொரு கோடு கீறுவான். சிற்றிசன் அவனுக்கு முன்னால கீறுவான்.

ஸ்காபரோ_நேர்ஸ்

அங்கிள் சொன்னதில எனக்கு முக்காவாசி உடன்பாடு. ஆனா எல்லாத்தையும் இனவாதம் எண்டு மூடி வைச்சா ஒருத்தரும் எங்களோட கதைக்கமாட்டினம்.

நான் இஞ்ச பிறந்த ஆள், அம்மா அப்பா 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவை. எமெர்ஜென்சியில வேலை செய்யுறன். ஃபமிலி டொக்டர் இல்லாததால காய்ச்சலுக்கும் அங்கதான் வருகினம், பத்து மணித்தியாலம் இருக்கிற ஆள் சுத்திப் பாக்கிறார், பக்கத்து கதிரையில இருக்கிற ஆளின்ர நிறம்தான் கண்ணுக்குத் தெரியும், மூடிக் கிடக்கிற வார்ட் தெரியாது, ஆள் இல்லாம ஓடுற ஷிஃப்ட் தெரியாது. "இவ்வளவு பேரை ஏன் எடுக்கிறியள்" எண்டு என்னட்டயே கேப்பினம், என்ர முகத்தைப் பாத்துக்கொண்டே. அந்த ஆளில எனக்குக் கோவம் வாறதும் உண்டு, பாவம் எண்டு வாறதும் உண்டு, ரெண்டும் உண்மை. அந்த ஷிஃப்டில அவருக்கு மருந்து ஏத்துறதும் ஃபிலிப்பினோ, தமிழ், ஜமேக்கன் பிள்ளையள்தான் எண்டதை ஒருக்கா சொன்னனான், கேட்டுக்கொண்டு இருந்தார், ஒண்டும் சொல்லேல்ல.

எங்கட பக்கத்துப் பிழையையும் கதைப்பம். பேஸ்மென்ற்றை ஸ்ரூடன்ற்ஸுக்கு விடுறது ஆர்? கனக்க இடத்தில எங்கட ஆக்கள், பஞ்சாபி ஆக்கள், எல்லாரும் முந்தி வந்தவை. தமிழ்க் கடை நோட்டீஸ் போர்டில போய்ப் பாருங்கோ, "பெடியளுக்கு மட்டும், ஷெயாரிங், காசாக் கட்ட வேணும்" எண்டு இருக்கும். நான் ஒருக்கா என்ர சிநேகிதியின்ர தம்பிக்கு இடம் பாக்கப் போனனான். ஃபர்னஸுக்குப் பக்கத்தில சீலைத் திரை ஒண்டு கட்டி அங்கால மூண்டு மெத்தை, ஜன்னல் ஒரு சாண், வெளியில ஓட மேல குசினிக்குள்ளால ஒரே வழி. நெருப்புப் பிடிச்சா ஒருத்தரும் தப்பேலாது. ஆளுக்கு அறுநூற்றைம்பது டொலர். அந்த வீட்டுக்காரரும் பிறகு கடையில நிண்டு ஸ்ரூடன்ற்ஸால நாடு பழுதாப் போச்சு எண்டு சொல்லக் கூடும்.

மற்றது 2023 ஜூலை, டவுன்ரவுனில பீற்றர் ஸ்ட்ரீட். ஆபிரிக்காவில இருந்து வந்து அடைக்கலம் கேட்டவை ஷெல்டர் அலுவலக வாசலில, நடைபாதையில, மழைக்குள்ள படுத்துக் கிடந்தவை. சிற்றி, ஃபெடரல் (மத்திய அரசு) காசு தரேல்ல எண்டுது, ஃபெடரல், அது உங்கட பொறுப்பு எண்டுது, இந்த இழுபறியில கிழமைக்கணக்கா சனம் ரோட்டில. ஒஃபிசுக்குப் போற ஆக்கள் அவையைத் தாண்டித் தாண்டிப் போனவை. கடைசியில கறுப்பின சமூகத்துச் சேர்ச்சுகள்தான் கூட்டிக்கொண்டு போய் பாய் போட்டுப் படுக்க வைச்சது. இப்ப யோசியுங்கோ, ஒரு ஆளை முதல் முதல் நடைபாதையில கார்ட்போர்டில படுத்திருக்கக் காணுறவனுக்கு என்ன படம் மனதில விழும்? அந்தப் படத்தை வரைஞ்சது அரசாங்கம். வந்தவை அதுக்கு என்ன செய்யலாம்?

மதுரை_டு_சின்ன_டவுன்

நான் ஒண்டாரியோல ஒரு சின்ன டவுன்ல இருக்கேன், கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து இங்கதான். பெரிய சிட்டிக்காரங்க சொல்லாத ஒண்ண நான் சொல்றேன்.

இங்க அகதிகள சாதாரண ஜனங்களே ஸ்பான்சர் பண்ற முறை ஒண்ணு இருக்கு. குறைஞ்சது அஞ்சு பேரு சேர்ந்து (இந்த அஞ்சு பேரு வழிக்கு 2024 நவம்பர்ல புது விண்ணப்பம் வாங்குறத நிறுத்தி வெச்சாங்க), இல்லாட்டி ஒரு சர்ச்சோ சங்கமோ சேர்ந்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு வருசம் வாடகை, சாப்பாடு, ஸ்கூல், டாக்டர் எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்னு எழுதிக் கையெழுத்து போடணும். 1979ல வியட்நாம், கம்போடியா, லாவோஸ்ல இருந்து வந்தவங்களுக்காக பெருசா ஆரம்பிச்சது, அந்த 79-80ல வந்த 60,000 பேர்ல பாதிக்கு மேல இப்படி ஜனங்க ஸ்பான்சர்ல வந்தவங்கதான். இதுக்காக ஐநா அகதிகள் அமைப்போட நான்சன் பதக்கத்த கனடா மக்கள் எல்லாருக்குமா சேர்த்து குடுத்தாங்க. அது 1986. மேல அண்ணா சொன்னாரே, லைஃப்போட்டுல வந்த தமிழங்கள பொய்யன்னு ஏசுனது, அதே வருசம். ஒரே ஜனங்கதான் ரெண்டையும் செஞ்சது, இத நான் பல தடவ யோசிச்சிருக்கேன்.

2015 கடைசில சிரியாக்காரங்க 25,000 பேர கொண்டு வர்றோம்னு அரசாங்கம் சொன்னப்போ எங்க டவுன்லயும் ஒரு குரூப் சேர்ந்துச்சு, நானும் போனேன். முதல் மீட்டிங்லயே ஒரு பெரியவரு, ரிட்டயர்டு விவசாயி, எந்திரிச்சு நம்ம ஊரு வெட்டரனுக்கே (பழைய ராணுவக்காரனுக்கே) வீடு இல்ல, இவங்க யாருன்னே தெரியாதுன்னு கத்துனாரு. கூட்டத்துல பாதி பேரு கை தட்டுனாங்க. குடும்பம் வந்துச்சு, அப்பா அம்மா நாலு புள்ளைங்க. அந்தப் பெரியவரு வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான் வாடகைக்கு கிடைச்சது. மார்ச் மாசம், அந்த சிரியா அப்பா பனிய கொத்துறதுக்கு மண்வெட்டி புடிக்கிற மாதிரி முதுக வளைச்சு கஷ்டப்பட்டிருக்காரு, பெரியவரு பாத்துட்டே இருந்து தாங்க முடியாம வெளிய வந்து அது அப்படி இல்லைன்னு தள்ளிக் காட்டியிருக்காரு. மொழி ஒண்ணும் கிடையாது, சைகைதான். கோடைல ரெண்டு பேரும் சேர்ந்து தக்காளி போட்டாங்க. அவரு இன்னும் தன் பழைய கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுறாரு, குடியேற்றம் அதிகம்னுதான் சொல்றாரு. ஆனா இந்தக் குடும்பத்த தொட்டா அவரு விட மாட்டாரு.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். வரவேற்ற எங்க குரூப்புக்குள்ளயே ஒரு எதிர்பார்ப்பு இருந்துச்சு, அவங்க எப்பவும் சிரிச்ச முகமா நன்றியோட இருக்கணும்னு. அந்த அப்பா அங்க தச்சு ஆசாரி. ஆறு மாசத்துல கோழி ஃபேக்டரில வேலை பாத்துக் குடுத்தோம், வேணாம், நான் என் தொழிலத்தான் பண்ணுவேன்னுட்டாரு. உடனே எங்க ஆளுங்கள்ல ரெண்டு பேரு முகம் சுருங்கிப் போச்சு, "இவ்ளோ செஞ்சும் பாரு"ன்னு. அந்தக் குடும்பத்து அம்மா எங்க கிட்ட சொல்லாம பழைய ஃபோன வித்து புது ஃபோன் வாங்குனதுக்கு ஒரு மீட்டிங்கே நடந்துச்சு. நாப்பது வயசு மனுசன், சொந்தமா பட்டறை வெச்சிருந்தவன், ஒவ்வொரு மளிகை ரசீதையும் எங்க கிட்ட காட்டணும்னா அவனுக்கு எப்படி இருக்கும்? அன்பாத்தான் செஞ்சோம், ஆனா அவங்கள பெரிய மனுசனா பாக்கல. நோவா ஸ்கோசியால ஆன்டிகோனிஷ்ல ஹதாத்னு ஒரு சிரியா குடும்பம் சாக்லேட் கம்பெனி ஆரம்பிச்சு ரொம்ப பேரு வாங்குச்சு, 2016ல ஃபோர்ட் மெக்மர்ரில காட்டுத்தீ வந்தப்போ நன்கொடை கூட குடுத்தாங்க. அருமையான ஆளுங்க. ஆனா அதுக்கப்புறம் இங்க எல்லாருக்கும் ஒவ்வொரு அகதியும் அவங்கள மாதிரி ஆகணும்னு ஆயிடுச்சு. சாதாரணமா ஒரு வேலைக்குப் போய், சலிச்சுக்கிட்டு, டிவி பாத்துக்கிட்டு இருக்கிற அகதிக்கு யாரும் கை தட்டறதில்ல, இந்த ஊர்க்காரங்க எல்லாம் அப்படித்தானே வாழ்றாங்க?

இன்னொண்ணையும் கவனிச்சேன். 2022ல உக்ரைன்காரங்களுக்கு தனி விசா குடுத்து கிட்டத்தட்ட 3 லட்சம் பேரு வந்தாங்க. எங்க டவுன்ல ஒரு எதிர்ப்பு மீட்டிங் நடக்கல. காசாவுல சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்குன்னு ஆரம்பிச்ச திட்டத்துக்கு 5,000 விண்ணப்பம்தான்னு வரம்பு வெச்சாங்க. உக்ரைன்காரங்க மேல எனக்கு ஒரு மனக்குறையும் இல்ல, பாவம் அவங்க பட்டது. ஆனா வீடு இல்ல, ஆஸ்பத்திரி இல்லங்கிற காரணம் ஒருத்தருக்கு வர்றப்போ ஞாபகம் வராம இன்னொருத்தருக்கு மட்டும் வந்தா, அங்க வேற ஏதோ இருக்கு, கணக்குப்பிள்ளை சார் இத எப்படி பாக்குறீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.

கணக்குப்பிள்ளை

மேடம் நீங்க சொல்றது சரி, நான் மறுக்கல. எண்ணிக்கை, வீடுங்கிறது 2022ல இருந்து 2024 வரைக்கும் ஏன் இவ்ளோ ஏறுச்சுங்கிறதுக்குத்தான் பதில். ஒரே நேரத்துல யாருக்கு கதவு அகலமா திறக்குது, யாருக்கு ஒரு விரக்கடை திறக்குதுங்கிறதுக்கு அது பதில் ஆகாது. 1914ல கோமகட்டா மாரு கப்பல்ல வந்த 376 பேர்ல ரொம்ப பேர வேன்கூவர்ல இறங்க விடாம ரெண்டு மாசம் நிறுத்தி திருப்பி அனுப்புனாங்களே, அப்ப என்ன வீட்டுப் பஞ்சமா இருந்துச்சு?

திருச்சிக்காரன்

கனடாவப் பத்தி எனக்கு தெரியாது, ஆனா நிறம், மொழி, மதம் வேறங்கிறதாலதான் இப்படி பாக்குறாங்கன்னு நெனைக்கிறவங்களுக்கு நம்ம ஊரு கதைய சொல்லணும்.

83ல ராமேஸ்வரத்துல வந்து இறங்குன இலங்கைத் தமிழங்கள இங்க தூக்கி வெச்சு கொண்டாடுனாங்க, கடையடைப்பு, ஊர்வலம், வீட்டுல இடம். 1991 மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் ஒரே ராத்திரில எல்லாரும் சந்தேகக் கேஸ் ஆயிட்டாங்க. மொழி ஒண்ணு, சாமி ஒண்ணு, பேரு கூட ஒண்ணு. எங்க ஊரு கொட்டப்பட்டு முகாம்ல பொறந்த பையன் ஒருத்தன் எங்கூட காலேஜ் படிச்சான், என்னைய விட நல்லா படிப்பான். பைக் வாங்க லோன் இல்ல, பாஸ்போர்ட் இல்ல, சாயந்தரம் கணக்கெடுப்பு இருக்குன்னா கிரிக்கெட் பாதில விட்டுட்டு ஓடணும். கூட படிக்கிற பசங்களுக்கு அவன் ஏன் ஓடுறான்னே தெரியாது. 2021ல அகதிகள் முகாம மறுவாழ்வு முகாம்னு மாத்துனாங்க, வீடும் கட்டித் தர்றாங்க, அது நெஜமாவே நல்ல விசயம். ஆனா இன்னும் நூத்துக்கு மேல முகாம், அம்பதாயிரத்துக்கு மேல ஜனம், 2019 குடியுரிமை திருத்தச் சட்டத்துலயும் அவங்களுக்கு இடம் இல்ல. இத ஊருக்குள்ள எத்தன பேரு யோசிக்கிறோம்? வெறுப்புன்னு சொல்ல மாட்டேன், கண்ணுலயே படாம முப்பது நாப்பது வருசம் ஓரமா வெச்சிருக்கோம்.

அப்புறம் 2023 மார்ச்ல பீகார் தொழிலாளிங்கள தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சே, ஞாபகம் இருக்கா, திருப்பூர் ஸ்டேஷன்ல கூட்டம். வீடியோ பொய்தான். ஆனா அத நம்பி பயந்தாங்கன்னா, தினம் கடைல, பஸ்ல நம்ம ஆளுங்க அவங்க கிட்ட பேசுற தொனி எப்படி இருந்திருக்கும்னு நம்மளும் கொஞ்சம் கேட்டுக்கணும்.

கோவைப்பையன்_பிராம்ப்டன்

எல்லாரும் இவ்ளோ எழுதுவீங்கன்னு நெனைக்கல, நன்றி. பார்லிமென்ட் ஸ்ட்ரீட் அண்ணா, நீங்க சொன்ன அந்தக் கோடு விசயம் எனக்கு முழுசா ஒத்து வரல. அகதிய நான் கீழ பாக்கல. ஆனா என் பெர்மிட் அடுத்த வருசம் முடியுது, பிஆர் கட்ஆஃப் மார்க்கு எட்ட முடியாத எடத்துல நிக்குது, அப்பா நிலத்த அடமானம் வெச்சுத்தான் என்னைய அனுப்புனாரு. கூப்பிட்டாங்க, வந்தோம், காசு வாங்குனாங்க, இப்ப வேணாங்கறாங்க. அந்தக் கோவத்துல எனக்குன்னு ஒரு நியாயம் தனியா சொல்லத் தோணுது, தப்பானு தெரியல.

இன்னொரு கேள்வி, அந்த போர்ச்சுகீஸ் மனுசன் கிட்ட என்ன பேசுறது? தினம் எதிர்லதான் உக்காந்து சாப்பிடுறோம். மொறைச்சுக்கவும் புடிக்கல.

பழைய_பார்லிமென்ட்_ஸ்ட்ரீட்

உம்மட கோவம் நியாயம் தம்பி, அதில நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். கூப்பிட்டு எடுத்துப்போட்டு கைவிடுறது பெரிய அநியாயம். அதைச் சொல்லேக்க அகதியை இழுக்காமச் சொல்லும், அவ்வளவுதான் நான் கேட்டது.

அந்த ஆளிட்ட அவற்ற தேப்பன் எப்பிடி வந்தவர் எண்டு கேளும். சண்டைக்கு இல்லை, உண்மையா அறியக் கேளும். 1953ல சற்றூர்னியா எண்ட கப்பலில ஹலிஃபக்ஸுக்கு முதல் தொகுதி போர்த்துக்கீசர் வந்தவை, பண்ணையிலயும் ரெயில் பாதையிலயும் வேலைக்கெண்டு எடுத்தவை. பிறகும் கனகாலம் விசா முடிஞ்சு பேப்பர் இல்லாம கட்டட வேலை செய்த போர்த்துக்கீசர் ரொறன்ரோவில எக்கச்சக்கம், 2006ல அவையைக் குடும்பம் குடும்பமா நாடு கடத்தத் துவங்கேக்க இந்த நகரமே அவைக்காகக் குரல் குடுத்தது, வீடு கட்டுறது இவைதானே எண்டு. அவருக்கு அது கட்டாயம் ஞாபகம் இருக்கும், அவற்ற சொந்தத்திலயே ஆரும் இருந்திருக்கலாம். நான் கட்டடத் தொழிலில கொஞ்சக் காலம் நிண்டனான், எனக்கு ட்ரைவோல் பூசப் பழக்கினது ஒரு போர்த்துக்கீசக் கிழவன், ஏசி ஏசித்தான் பழக்கினவன். அவற்ற மகனுக்கு வீடு இல்லாததையும் கேளும், எவ்வளவு வாடகை சொல்லுறாங்கள் எண்டு கேளும், உம்மட பேஸ்மென்ற் வாடகையையும் சொல்லும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி வீட்டுக்காரருக்குத்தான் காசு கட்டுறியள் எண்டு அவருக்கும் தெரிய வரட்டும்.

ஸ்காபரோ_நேர்ஸ்

தம்பி, பேஸ்மென்ற் எண்டு அங்கிள் சொன்னவுடன கேக்கிறன், உங்கட இடத்தில வெளியில ஓட ரெண்டாவது வழியோ, ஆள் ஏறக்கூடிய ஜன்னலோ இருக்கா? புகை அலாரம் வேலை செய்யுதா? பிராம்ப்டன் சிற்றி 2024ல சில வட்டாரங்களில வாடகை வீட்டுக்கு லைசன்ஸ் கேக்கத் துவங்கினது, சிற்றியின்ர 311 நம்பருக்கு அடிச்சுக் கேக்கலாம். ஆனா அடிக்க முதல் உங்களோட இருக்கிற மற்றப் பெடியளோட கதைச்சிட்டு அடியுங்கோ, திடீரெண்டு இடத்தை மூடினா எல்லாரும் ரோட்டில நிக்க வேணும். போக இடம் வேணுமெண்டா எனக்கு மெசேஜ் போடுங்கோ, எங்கட பக்கம் ஒழுங்கான இடம் ஒண்டு ரெண்டு தெரியும்.